கம்பி சாரும் ஐந்தாம் நம்பர் பட்டனும்

அந்த நாளில் ஹைதராபாத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு சாப்ட்வேர் இன்ஜினீயர் தலையில்தான் விழும். ஆனால் ஓட்டை பஸ் ஒன்றின் கைப்பிடிக் கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு ஆபீஸ் லிப்டில் ஏறிய சாப்ட்வேர் இன்ஜினீயர், சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பூமியிலேயே ஒருவர்தான்.

அவரை நாங்கள் கம்பி சார் என்போம். மாரெட்பள்ளிக்காரர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’, நடுவில் கொஞ்சம் தமிழ். முதலில் காஞ்சன்பாக் பக்கம் ஒரு அரசாங்க ஆலையில் இருந்தார். அங்கே ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு கேரம் விளையாட்டை எழுதி வைக்க, ஒரு வாரத்தில் ஸ்டோர்ஸே வேலையை நிறுத்திவிட்டது. விசாரிக்க வந்த பெரிய அதிகாரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தவர், சாயங்காலச் சங்கு ஊதியபோதுதான் எழுந்தார். மறுநாள் கம்பி சாருக்கு வேலை இல்லை. “ஆடினதுக்குக் கோபம் இல்ல தம்பி. தோத்துட்டார், அதான்” என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்றில் சேர்ந்து, விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் தான் எழுதிய விளையாட்டை இலவசமாக ஏற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு, போனில் பட்டன்கள் இருந்த காலத்தில், மொபைல் விளையாட்டு தயாரித்த எங்கள் கம்பெனிக்கு வந்தார். நான் அங்கே மேனேஜர். திருச்சியிலிருந்து வந்து இறங்கி, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, அவரைவிடப் பன்னிரண்டு வயது சிறியவனாக இருந்துகொண்டு அவரையே வேலை வாங்கினேன்.

ஆட்டோ ஓட்டும் விளையாட்டு ஒன்றை நான் திட்டமிட்டிருந்தேன். திருப்ப இரண்டு பட்டன், பிரேக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. கம்பி சார் பார்த்தார்.

“கைக்கு தம்பி, எதுக்கு இத்தனை பட்டன்?”

“கம்ப்யூட்டர் கேம்ல இதைவிட நிறைய இருக்கே சார்.”

“கம்ப்யூட்டர்ல ஆடுறவன் உட்கார்ந்து ஆடுவான். போன் வெச்சிருக்கவன் பஸ்ல தொங்குவான். ஒரு கை கம்பில. மிச்சம் இருக்கறது ஒரே ஒரு கட்டைவிரல். அதுக்கு எவ்வளவு வேலை கொடுப்பீங்க?”

மறுநாள்தான் அந்தக் கம்பி வந்தது. மீட்டிங் ரூம் கூரையில், சிட்டி பஸ்ஸில் இருக்கும் அதே உயரத்தில், அவரே அதை மாட்டினார். யாராக இருந்தாலும் ஒரு கையால் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மறு கையால் ஆட வேண்டும். பின்னாலிருந்து “ஜரகண்டி, ஜரகண்டி” என்று முழங்கையால் இடித்துக்கொண்டே அவர் போவார். திடீரென்று “பிரேக்” என்பார், முதுகில் ஒரு தள்ளு. அட்டென்டன்ஸ் கேட்டு வந்த எச்.ஆர். அம்மாள் இப்படித்தான் தண்ணீர்க் கேன் மேல் போய் விழுந்தார். எழுந்தவர் புகார் எழுதுவார் என்று நடுங்கினேன். “இன்னொரு தடவை ஆடிக்கட்டுமா? நல்ல ஸ்கோர் போயிடுச்சு” என்றார்.

அதோடும் விடவில்லை. பஸ்ஸில் வியர்க்கும், வியர்த்தால் விரல் வழுக்கும் என்று ஏ.சி.யை அணைத்துவிட்டு, பனியனோடு நின்று தானும் தொங்கி ஆடிப் பார்ப்பார். இரண்டு மாதத்தில் என் நான்கு பட்டன்களும் காலி. ஐந்தாம் நம்பரை அழுத்தினால் ஆட்டோ திரும்பும், விட்டால் நேரே போகும். அவ்வளவுதான். ஆபீஸில் ஒருவரும் அதைக் கீழே வைக்கவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “இந்த கேம் ஆரம்பிக்கறப்போ என் பேரு வரணும் தம்பி. ஆலையில எழுதினதுல போட முடியல. கடையில எழுதினதுல ஓனர் விடல. என் பொண்ணு, நான் கேம் பண்றேன்னா நம்ப மாட்டேங்குறா. ‘நீ பேரு ஏதி டாடி’ன்னு தெலுங்குல கேக்குறா. உன் பேரு எங்கேன்னு.”

“கண்டிப்பா சார்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

விளையாட்டை வாங்க லண்டனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதினொரு மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதரைக்கே வந்து நின்றார்கள். பெருமையாக மீட்டிங் ரூம் கதவைத் திறந்தேன். உள்ளே வெக்கை. கம்பி சார், பனியன் நனைந்து ஒட்டிக்கொள்ள, ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தார்.

“இவர் யார்?” என்றார் வந்தவர்களில் பெரியவர்.

எங்கள் தலைமை இன்ஜினீயர் என்று சொல்ல இரண்டு நொடி ஆகியிருக்கும். அந்தப் பனியனைப் பார்த்தேன், அவர்களுடைய கோட்டைப் பார்த்தேன், கூசிப் போனேன். “ஏ.சி. மெக்கானிக்” என்றேன்.

கம்பி சார் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, “ஹவ் சார், பில்டர் அடைச்சிருக்கு, பாத்துடறேன்” என்றார். மேஜை டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, நிஜமாகவே ஏ.சி.யைத் திறந்தார்.

மீட்டிங் முழுக்க அவர் அந்த நாற்காலியில்தான் நின்றார். வந்தவர்கள் ஆடினார்கள். சிரித்தார்கள். போனை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடுங்கினார்கள்.

“ஒரே பட்டன். யாருடைய யோசனை இது?”

நாற்காலி மேல் திருகிக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவர் சட்டென்று நின்றது. அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் யோசனை என்று எப்படிச் சொல்வது? “என்னுடையது” என்றேன். பஸ், கம்பி, கட்டைவிரல் என்று அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

“நடுவில் போன் வந்தால் என்ன ஆகும்?”

எனக்குத் தெரியாது. மேலிருந்து, அழுக்கைப் பற்றி அலுத்துக்கொள்பவர் மாதிரி ஒரு குரல் தமிழில் வந்தது: “ஆட்டோ ரோட்டோரமா தானா நின்னுடும்னு சொல்லுங்க தம்பி. பேசி முடிச்சு அஞ்சை அழுத்தினா, விட்ட எடத்துல இருந்து கிளம்பும்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் பெரியவர்.

“பில்டரில் ரொம்ப அழுக்காம்” என்றேன். பிறகு அவர் சொன்னதை ஆங்கிலத்தில் என் பதிலாகச் சொன்னேன். பெரியவர் கை கொடுத்தார்.

விளையாட்டு வெளிவந்தது. ஆரம்பத் திரையில், ‘உருவாக்கியவர்’ என்பதற்குக் கீழே என் பெயர். தொடுதிரை போன்களுக்கு எழுத லண்டனில் ஆள் தேவைப்பட்டபோது அவர்கள் கூப்பிட்டதும் என்னைத்தான். ஒரு மின்னஞ்சல் போதும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன்.

கிளம்புகிற அன்று கம்பி சார் என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“பொண்ணுகிட்ட கேமைக் காட்டினேன் தம்பி. நல்லா இருக்குன்னா.”

“பேரு... கேட்டாளா சார்?”

“ஹவ். இது எங்க மேனேஜர் பேரும்மா, நல்ல மனுஷன்னு சொன்னேன்.”

அவர் முகத்தில் குத்தல் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

லண்டனிலிருந்து திருச்சிக்கே திரும்பி வந்த பிறகு இரண்டு முறை அவருக்குப் போன் செய்தேன். இரண்டு முறையும் ஹைதராபாத் வெயிலைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன் பத்திரிகையில் எழுதுகிறேன். அவருடைய பெண்ணுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. மாரெட்பள்ளி பக்கம் இருக்கும் வாசகர்கள் யாராவது அவளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா, அந்த ஆட்டோவை ஓட வைத்தது உன் அப்பா. அந்தத் திரையில் இருந்த பெயர் பொய். நல்ல மனுஷன் என்று அவர் சொன்னதும் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை அவர் எனக்காகச் சொன்னார். அவரைப் போல ஒருவரோடு அப்புறம் நான் வேலை பார்க்கவே இல்லை.