அப்பா வெளியே சாப்பிடப் போனார்

"முதலாளி உங்களை உடனே வரச் சொன்னார். ஒரே கத்தல்," என்று வரவேற்பறைப் பெண் சொன்னபோது வாசகம் தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அந்த விளம்பர நிறுவனத்தில் விளம்பரங்களுக்கு வரி எழுதுவது அவன் வேலை. அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் போய், 'வாசகம்' என்பதே நிலைத்துவிட்டது. எலி மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு அவன் எழுதிய விளம்பரத்தை அன்று காலை நகரத்துப் பேருந்துகளின் முதுகில் ஒட்டுவதாக ஏற்பாடு. படத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. சுற்றி அம்மா எலியும் இரண்டு குட்டிகளும். ஒரு நாற்காலி மட்டும் காலி. அடியில் ஒரே வரி: 'அப்பா வெளியே சாப்பிடப் போனார்.'

எழுதிய அன்று அவனே சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தான். இத்தனை வருடத்தில் தான் எழுதிய ஒரே உருப்படியான வரி அதுதான் என்று மனதார நம்பினான். மனைவிதான் சிரிக்கவில்லை. "போன வேலையும் இப்படி ஒரு ஜோக்காலதானே போச்சு," என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள்.

முதலாளி நின்றுகொண்டே இருந்தார்.

"ஹோட்டல்காரர் ஒருத்தர் போன் பண்ணி என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டாரு. வெளிய சாப்பிட்டா செத்துப்போவாங்கன்னு பஸ் பஸ்ஸா எழுதி வச்சிருக்கியாமே?"

"எலி சார். சாகறது எலி."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாமா? எலிக் கம்பெனி கைவிட்டுப் போச்சுன்னா, நீயும் கூடவே கிளம்ப வேண்டியதுதான்."

வாசகம் ஓடிப்போய் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் ஓர் அறிக்கை போட்டான். 'உணவகங்களைப் புண்படுத்தும் எண்ணமில்லை. இறந்தது எலி மட்டுமே.'

வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அடுத்த போன் வந்தது. பிராணிகள் மேல் அன்புள்ள ஓர் அம்மாள்.

"எலி மட்டுமேன்னா என்ன அர்த்தம்? எலி உயிர் இல்லையா? காலைல அந்தச் சவப்பெட்டியைப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தண்ணிகூட இறங்கல!"

"சவப்பெட்டியா?"

"நடிக்காதீங்க. நட்ட நடுவுல வச்சிருக்கீங்களே!"

வாசகம் குழம்பிப்போய் ஓவியரிடம் ஓடினான். "நான் பாக்காதப்போ சவப்பெட்டி ஏதாவது சேத்தீங்களா?"

"நான் எதுக்கய்யா சேக்கறேன்?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நாற்காலிதான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். அப்போதும் நாற்காலிதான்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது அறிக்கை போட்டான். 'எலி இறந்ததாக நாங்கள் எங்கும் சொல்லவில்லை. சாப்பிடத்தான் போயிருக்கிறது. திரும்பி வரும்.'

இந்த முறை அழைத்தவர் எலி மருந்துக் கம்பெனிக்காரர்.

"திரும்பி வருமா? என் மருந்தைத் தின்னுட்டு எலி வீட்டுக்குத் திரும்பி வருமா? எங்கிட்டயே காசு வாங்கிட்டு எனக்கே குழி பறிக்கறீங்களா?"

மூன்றாவது அறிக்கை பிறந்தது. 'எலி திரும்பி வரவே வராது. இது உறுதி.'

அதைப் படித்த தகப்பன் ஒருவர், தன் பையன் காலைக் கட்டிக்கொண்டு வேலைக்கே விடமாட்டேன் என்கிறான், இன்றைய சம்பளத்தை யார் கொடுப்பது என்று கேட்டார்.

மதியத்துக்குள் அலுவலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. "சிக்னல்ல என் கண்ணாலயே பாத்தேன்யா," என்றார் முதலாளி. "அந்தக் குட்டி கண்ணுல கண்ணீர். நானே கர்சீப்பை எடுத்துத் தொடைச்சுக்கிட்டேன்."

"அது அழலை சார், சிரிக்குது," என்றார் கணக்கர். "அப்பன் செத்ததுக்குப் பிள்ளை சிரிக்கலாமா? அதுதான் எனக்குப் பிடிக்கல."

குட்டி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை பேர் சொல்லும்போது தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று வாசகத்துக்குச் சந்தேகம் தட்டியது. அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள்.

"ஊரே உங்க விளம்பரத்தைப் பத்திதான் பேசுதாமே. அக்கா சொன்னா."

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நான்தான் சொன்னேன். அத்தான் காதுல விழுந்து அவர் கொதிச்சுப்போயிட்டாராம். ஹோட்டல் வச்சிருக்கறவர், கோவம் வராதா?"

காலையில் முதலாளியைக் கிழித்தது சொந்தச் சகலையா! வாசகம் அவரையே பிடித்தான்.

"சகலை, நீங்க எந்த பஸ்ல பாத்தீங்க?"

"எந்த பஸ்ஸா? எல்லா பஸ்லயும்தானே ஒட்டி வச்சிருக்கீங்க!" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

"பேசினதெல்லாம் போதும்," என்றார் முதலாளி. "ஒட்டறவரைக் கூப்பிடு. ஒண்ணு விடாமக் கிழிக்கச் சொல்லு. அப்புறம் நீ உன் மேசையைக் காலி பண்ணிடு."

'பஸ் விளம்பர விஷயம், உடனே வாங்க' என்று மட்டும் ஒட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு, வாசகம் மேசை இழுப்பறையைத் திறந்தான். அழுகை வந்தது. வேலை போனதைவிட, அந்த வரிக்கு ஊரில் ஒரே ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லையே என்பதுதான் அவனை அதிகமாக வாட்டியது.

ஒட்டுகிறவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கை விரல்களில் என்றோ காய்ந்த பசை. கூடி நின்ற முகங்களைப் பார்த்ததுமே கும்பிட்டார்.

"எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியும் சார், தப்பு என் மேலதான். குடோன்ல விரிச்சுப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சேன், அவ்வளவு நல்லா இருக்கு. ஆனா பசை வந்து சேரல, இன்னும் ஒரு பஸ்லகூட ஒட்டல. நாளைக்குக் காலைல ஒட்டிடட்டுமா?"