சாட்சிக் கையெழுத்துப் போட்ட அண்ணன் எழுதுவது

முருகன் துணை

ஹேவாஹெட்ட,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புத் தங்கச்சி சுபாஜினிக்கு அண்ணன் யோகராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் குளிரையும் அவளுடைய முழங்கால் வலியையும் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீ அந்த இரண்டும் இல்லாமல் இருக்கக் கதிர்காமக் கந்தன் அருள் புரியட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு "ம்" போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். கடிதத்துக்கு நடுவில் யாருடைய பாலும் பொங்காது.

அப்பா தவறி இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். அவர் எழுதி வைத்த மரண சாசனத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை அவர் பெற்ற மகனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த லோயர் பிள்ளை ஜஹானா. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், பஹ்மியின் தேத்தண்ணிக் கடைக்கு மேல்மாடியில், நாலு கதிரையும் ஒரு அலுமாரியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். வயது என் மகன் யுகேஷைவிட இரண்டு கூட இருக்கலாம். கருமாதி முடிந்த மறுநாளே போனேன். மரியாதையாக, "மகள், அப்பா எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். "சொல்ல ஏலாது அங்கிள், அது அவருக்கும் எனக்கும் உள்ள ரகசியம்" என்கிறாள். "அவர்தான் செத்துப்போயிட்டாரே" என்றால், "மவுத்தானாலும் அவர் என்ட கட்சிக்காரர்தான் அங்கிள். சாசனத்த நிறைவேத்த அவர் நியமிச்ச ஆளோட மட்டும்தான் நான் பேசலாம்" என்கிறாள். அந்த ஆள் யார் என்று கேட்டால் அதையும் சொல்ல ஏலாதாம். சாசனத்தை உறுதிப்படுத்த வழக்குப் போட்டதும் எல்லோரும் நீதிமன்றத்திலேயே பார்க்கலாமாம், அதுவரை பொறுக்கவேண்டுமாம். நீயே சொல், நம் அப்பாவுக்கு உயிரோடு இருந்தபோது என்றைக்காவது ஒரு ரகசியம் இருந்ததா? அவருடைய மலச்சிக்கல் நீ இருக்கிற மஹியாவ முழுவதற்கும் தெரியும். செத்த பிறகு மனிதருக்கு ரகசியம் வந்துவிட்டது, அதற்குக் காவலுக்கு ஒரு சட்டத்தரணி வேறு.

இரண்டாவது முறை போனபோது கொஞ்சம் மூளையைப் பாவித்தேன். "நீங்க வாயே திறக்க வேணாம் மகள். நான் சொல்றது பிழையா இருந்தா மட்டும் பிழைன்னு சொல்லுங்க" என்றேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "மஹியாவ வீடு எனக்குத்தான்" என்றேன். பேச்சில்லை. "தையல் மெசின் சுபாஜினிக்கு" என்றேன். அதற்கும் பேச்சில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பின்னால் காத்திருந்த கலகெதரக்காரர் ஒருவர், காணிக்கு எல்லை போடும் விஷயமாக வந்தவர், எழுந்து நின்று, "அந்த மஹியாவ வீடு எனக்குத்தான்" என்றார். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. ஆபீசே சிரித்தது. நாட்டில் படித்தவனுக்கு மரியாதை இல்லை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்!

மூன்றாவது முறை அவளை விட்டுவிட்டு அவளுடைய கிளாக்கர் ரிஸ்கானைப் பிடித்தேன். கிளாக்கரின் மனது கிளாக்கருக்குத் தெரியும் அல்லவா? நம் தோட்டத்து முதல்தரத் தூள் ஒரு கிலோவைக் காகிதத்தில் சுற்றி மேசைக்கு அடியால் கொடுத்தேன். பையன் அதை மேசைக்கு மேலே எடுத்து வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி "பெரிய உபகாரம் அங்கிள்" என்று சொல்லி, அப்போதே தண்ணி கொதிக்க வைத்து, லோயருக்கும் அன்றைக்கும் வந்திருந்த கலகெதரக்காரருக்கும் எனக்கும் ஆளுக்கொரு கோப்பை ஊற்றித் தந்துவிட்டான். "சீனி போடவா அங்கிள்?" என்று கேட்டான். இரண்டு கரண்டி என்றேன். அந்த ஆபீசில் இதுவரை எனக்குக் கிடைத்த முழுமையான தகவல், அங்கே சீனி இருக்கிறது என்பது மட்டும்தான்.

அன்றைக்குப் படியிறங்கும்போதுதான் உன்னைக் கண்டேன். கையில் மண்ணிறக் கடித உறையோடு நீ மேலே ஏறி வந்தாய். கேட்டால், "சும்மாண்ணே, மரண சர்ட்டிபிகேட் கொப்பி ஒண்ணு கேட்டாங்க" என்றாய். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருப்பு வடை சுட்டுத் தந்தாய், வடை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுபாஜினி, உனக்கு எதற்கு இந்தக் கோர்ட்டு கச்சேரி அலைச்சல்? சட்ட விஷயங்களில் நீ தலையைக் கொடுக்காதே. ரவிக்கை தைக்கிற கைக்கு மரண சாசனம் பிடிபடாது. இனி அவள் எது கேட்டாலும் அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லிவிடு.

ஏனென்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சாசனம் எழுதிய அன்று அங்கே இருந்தவன் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அப்பா போன் போட்டு, "டேய் யோகு, லோயர் ஆபீசுக்கு வந்து ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போடா" என்று கூப்பிட்டார். உன்னைக் கூப்பிட்டாரா? இல்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு அடியில் இடம் காட்டினாள் ஜஹானா. எனக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை பஹ்மி போட்டார், கோழி கிளறிய மாதிரி. நான் முழுப் பெயரையும் எழுதி, கீழே கோடிழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தேன். அதற்கு முன் அவள் அப்பாவைப் பார்த்து, "நல்லா யோசிச்சுத்தானா ஐயா, மகனையே சாட்சிக்குப் போடுறீங்க?" என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "மத்தவனை விட இவன் போட்டாத்தான் நல்லது மகள். பின்னால பேச்சு வராது." கேட்டாயா? நம்பிக்கை என்றால் அது. கலியாணத்துக்குச் சாட்சி வைக்கவே ஊரில் பெரிய மனிதனாகப் பார்க்கிறார்கள், இது உயிர் போன பிறகு பேசப்போகிற காகிதம். அன்றிலிருந்து நான் இதைச் சொல்லாத ஆள் தோட்டத்தில் இல்லை. துரைக்கே சொல்லியிருக்கிறேன்.

நான் அப்பாவைக் கவனிக்கவில்லை என்று உன் மனதில் ஒரு குறை உண்டு, எனக்குத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் வந்து, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனது யார்? கண் ஒப்பரேஷனுக்கு வரமுடியவில்லை, உண்மைதான், அது கொழுந்து மலிந்த மாதம். ஆனால் வெயில் படக்கூடாது என்று குடை அனுப்பினேனே. கடைசி ஒன்பது வருடம் நீ கூடவே இருந்து குளிப்பாட்டினாய், சோறு ஊட்டினாய், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட இருப்பது வேறு, பொறுப்பு வேறு.

ஆகவே காரியத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்று ஏழு மாதமாகியும் குவாட்டர்சில் இருக்கிறேன் என்று துரை முகத்தைக் காட்டுகிறார். வருகிற முதலாந்திகதி காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், பெருமையாகத்தான் கொடுத்தேன். அப்பா படுத்திருந்த முன்னறை எனக்கும் அண்ணிக்கும். நடு அறை யுகேஷ் கொழும்பிலிருந்து வந்தால் படுக்க. நீ உன் கட்டிலையும் தையல் மெசினையும் பின்னறைக்கு மாற்றிக்கொள். மழைக்கு அது ஒழுகும் என்று சொல்வாய். ஒழுகுகிற இடம் ஒன்றுதான், ஒரு வாளியை வைத்தால் முடிந்தது. ரவிக்கை கொடுக்க வருகிற பெண்களைக் குசினிப் பக்கத்தால் வரச் சொல், அண்ணிக்கு வாசலில் செருப்புக் குவிந்தால் பிடிக்காது. உன்னை வெளியே போ என்று சொல்லவில்லை பார்த்தாயா? அப்படிப்பட்ட அண்ணன் நான் இல்லை.

அந்த லோயருக்கும் நாளைக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நானே போய் என் மரண சாசனத்தை எழுதச் சொல்லப்போகிறேன். அப்போது நானும் அவளுடைய கட்சிக்காரன், என்னிடம் அவள் முகம் திருப்ப முடியாது. "அப்பாவுடையது மாதிரியே எழுதுங்கள்" என்று பேச்சோடு பேச்சாகப் போட்டால் எங்கேயாவது வாய் தவறத்தான் வேண்டும். முப்பத்தொரு வருடக் கிளாக்கரிடம் அவள் எத்தனை நாளைக்கு ஒளிப்பாள்?

வேறு விசேஷமில்லை. வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. அப்பாவின் படத்துக்குப் பூ வைக்கும்போது என் பெயரையும் சொல்லி வை. சகல செல்வமும் சுகமும் பெற்று, பின்னறையில் நிம்மதியாக வாழ வாழ்த்தும்,

உன் அன்பு அண்ணன்,
பொ. யோகராஜ்
(ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர்)

பி.கு.: சுபாஜினி, இதைத் திங்கட்கிழமை பின்னேரம் குட்செட் பஸ் நிலையத்தில், பெட்டியை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். காலையில் ஜஹானாவிடம் போனேன். சொத்து என்ன என்று கேட்டாள். மஹியாவ வீடு என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, "உங்கட பேர்ல இரிக்கிற சொத்தச் சொல்லுங்க அங்கிள்" என்றாள். அப்படிப் பார்த்தால் ஒரு டீவி, ஒரு அலுமாரி, ஒரு சைக்கிள். சிரிக்காமல் எழுதினாள். எல்லாம் யுகேஷுக்கு என்றேன். சாட்சிக்கு யார் என்று கேட்டாள். "அதுக்கும் யுகேஷையே போடுங்க, எங்கப்பா என்னைப் போட்ட மாதிரி" என்றேன்.

ரிஸ்கான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்தே சொன்னாள்: "சாசனத்தால ஏதாவது கிடைக்கிற ஆளைச் சாட்சிக்கு வெக்க ஏலாது அங்கிள். வெச்சா அவருக்கு எழுதினது செல்லாமப் போகும். ஒண்டும் கிடைக்காத ஆளத்தான் வெக்கணும்."

"அப்ப எங்கப்பா..." என்று தொடங்கினேன்.

"நான் உங்கட சாசனத்தப் பத்தி மட்டும்தான் பேசுறன் அங்கிள்" என்றாள். கண் கலங்கியிருந்தது, என்னுடையதா அவளுடையதா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ரிஸ்கான் கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான், இரண்டு கரண்டி சீனி போட்டு.

அந்தப் பிள்ளை கடைசிவரை அப்பாவின் ரகசியத்தில் ஒரு எழுத்தும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, மூன்று வருடமாக நான்தான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன், கோடிழுத்து இரண்டு புள்ளியும் வைத்து. பின்னால் பேச்சு வராது என்றாரே, யாருடைய பேச்சு என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது. பஸ் நிலையம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். வீடு போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கில்லை. அப்பா என்னை நம்பிக் கூப்பிட்டார் என்று நினைத்திருந்தேனே, அதற்குத்தான்.

அந்த மண்ணிற உறையும் இப்போது ஞாபகம் வருகிறது. அவர் நியமித்த ஆள் நீதானே? எல்லாம் தெரிந்துகொண்டா எனக்கு வடை சுட்டுத் தந்தாய்? மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். முத்திரை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லை. அதோடு, அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று உன்னிடம் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கட்டும்.

துரைக்குக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்க முடியாது. முதலாந்திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பின்னறையில் நானும் அண்ணியும் இருந்துகொள்ளலாமா? குசினிப் பக்கத்தாலேயே வருகிறோம், வாளியை நானே கொண்டு வருகிறேன்.