வாசற்படியை இடித்த மகள்

அன்புள்ள கசிமிரா அக்காவுக்கு,

சாந்தியாகோவிலிருந்து தம்பி தியோஃபிலோ உன் ஆசி வேண்டி எழுதுவது. மோகாவில் நீயும் உன் கோழிகளும் சுகம்தானே? கன்னி மரியாள் துணையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் டொமினோ ஆடிவிட்டுத் திரும்பும்போது எங்கள் வாசற்படியில் கால் இடறி உட்கார்ந்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன். அதற்குப் போய் என் மகள் எனெரோலிசா, "அப்பாவுக்காக வீட்டையே பத்திரமா மாத்தணும்" என்று கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டாள். மலைப்பாதையில் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மருமகன் விட்டெர்போவிடம் முறையிட்டேன். "மாமா, இந்த வீட்ல என்ன பெயின்ட் அடிக்கிறதுன்னு கூட என்னைக் கேக்கிறதில்ல. ஏன் என்னை மாட்டி விடறீங்க?" என்று நழுவிவிட்டான்.

முதலில் வாசற்படியை இடித்துச் சாய்தளம் போட்டாள். அன்றிலிருந்து தெருவில் சக்கரம் வைத்தது எல்லாம் எங்கள் முன்கூடத்துக்குள் வருகிறது. அவகாடோ விற்கிறவன் வண்டியோடு ஏறி வந்து நிழலில் நின்று கூவுகிறான். எதிர்வீட்டுக்காரன் மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "ஐயா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று போய்விடுகிறான். காவல்காரன் வேலையா பார்க்கிறேன் நான்?

குளியலறைச் சுவரில், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. நல்லதுதானே என்பாய். பிடிக்க இடம் எங்கே இருக்கிறது? துண்டுகள், பேரன்களின் பேஸ்பால் உடுப்பு, எங்களோடு இருக்கும் சம்பந்தியம்மா புருனில்டாவின் உள்பாவாடை. நேற்று சோப்பு நுரையோடு கம்பியைப் பிடிக்கப் போனேன், உள்பாவாடை கையோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் குடும்பமே கதவருகில் கூடிவிட்டது. என் மானம் போனது பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை, சம்பந்தியம்மாவுக்குப் பாவாடை கிழிந்த கவலை. உட்கார்ந்து குளிக்க எனக்கென்று வாங்கிய முக்காலி இருக்கிறதே, சனிக்கிழமையானால் பெண்கள் எல்லோரும் அதில்தான் முறைவைத்து உட்கார்ந்து தலையில் சுருள் மாட்டிக்கொள்கிறார்கள். குளிக்கணுமே என்றால், "அவசரப்படாதீங்க சம்பந்தி, முடி காயட்டும்" என்று பதில் வருகிறது.

இதெல்லாம் போகட்டும். அக்கா, என் ஆடும் நாற்காலி! முன்கூடத்தில் அதில் ஆடிக்கொண்டே போகிறவர் வருகிறவரோடு வம்பு பேசுவதுதான் எனக்கு மிச்சமிருந்த உத்தியோகம். எழுந்திருக்கும்போது கவிழ்த்துவிடுமாம். வளைகால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து ஆணி அடித்துவிட்டாள். ஆடாத ஆடும் நாற்காலியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? "என்ன பெரியவரே, வண்டி பிரேக் டவுனா?" என்று அந்த அவகாடோக்காரன் கேட்கிறான். ஆடாமல் எப்படியம்மா உட்காருவது என்று மகளைக் கேட்டேன். "மத்தவங்க உக்கார்ற மாதிரி உக்காருங்க. நீங்க விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு இல்லப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதால் ஆணி அடித்தது நியாயமாகிவிடுமா?

இனி இந்த வீட்டில் இருக்க மாட்டேன். உன் பின்னறையைப் பெருக்கி வை, ஞாயிற்றுக்கிழமை நாற்காலியோடு வருகிறேன். சுத்தியல் ஒன்று தேடி வை.

உன் முழங்கால் வலியை ஆண்டவர் குறைக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
சொந்த வீட்டிலேயே அகதியாகிவிட்ட உன் தம்பி,
தியோஃபிலோ

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் சத்தம். பார்த்தால் ஃபுல்ஹென்சியோ! என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தானே, அவன்தான். சர்க்கரை நோயில் காலை எடுத்த பிறகு, படியில் நாலு பேர் தூக்கிவிடுவது பிடிக்காமல் யார் வீட்டுக்கும் போகாமல் இருந்தவன், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சாய்தளத்தில் ஏறி வந்து நிற்கிறான். "என்னடா முழிக்கிற? டொமினோவ எடு" என்றான். யார் கையையும் பிடிக்காமல் என் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான். அது இம்மிகூட அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் படுபாவி கள்ளாட்டம் ஆடி ஜெயித்துவிட்டான்.

அறையைப் பெருக்க வேண்டாம். சுத்தியலும் வேண்டாம், அந்தக் கட்டைகளில் யாராவது கை வைத்தால் நடப்பதே வேறு. ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம், சங்கோச்சோ குழம்பு வை. எனெரோலிசா அதற்கு முன்பே கொத்தனாரோடு வருவாள். தெரியாமல்தான் கேட்கிறேன் அக்கா, வாசலில் இத்தனை படி கட்டி வைத்திருக்கிறாயே, உன் வீட்டுக்கு மனுஷன் வர வேண்டாமா?