வயலடிக் காற்று

தாழைநாடு என்றொரு நாடு இருந்தது. மூன்று போகம் விளையும் மண். அதன் அடியில் நிலக்கரி இருப்பதும், அந்தக் கரிக்குள் எரியும் வாயு அடைந்து கிடப்பதும் ஒருநாள் அரண்மனைக்குத் தெரிந்தது. நாட்டின் அடுப்புகளெல்லாம் நூறாண்டுக்கு எரியும் என்று மன்னர் அறிவித்தார். அறிவித்த பிறகு, அளந்து பார்த்துவர ஆளை அனுப்பினார்.

போனவள் செங்கமலம், அரசாங்க அளவையாளர். வேலையில் சுத்தம். துளைபோட்டு எடுத்த கரித்துண்டுகளைக் காற்றுப் புகாத குப்பிகளில் அடைத்து, கசிந்த வாயுவை நாற்பது நாள் அளந்தாள். பதினோரு ஆண்டுக்குத்தான் தேறியது. அதை எடுக்கவும் முதலில் கரியைச் சூழ்ந்த நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும்.

"அப்ப எங்க கெணறு?" என்று கேட்டாள், துளைபோட்ட வயலின் சொந்தக்காரி மருதாயி.

"வத்திரும்க்கா. அதையும் எழுதித்தான் குடுக்கப்போறேன்."

அமைச்சர் நன்மாறனார் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். "மன்னர் நூறுன்னுட்டார். நீங்க பதினொண்ணுன்னா, மிச்சம் எங்கேன்னு உங்களைத்தாம்மா கேப்பாங்க" என்றார். அறிக்கை அரச ரகசியம் ஆனது.

இறைப்பு தொடங்கியது. கரியடியிலிருந்து இறைத்த உப்புநீர் வாய்க்காலில் ஓடி நாற்று பழுத்தது. மக்கள் பீதியடையாதிருக்க, கிணற்றில் கயிறுவிட்டு ஆழம் பார்ப்பது குற்றம் என்று முதல் ஆணை வந்தது. வற்றிய கிணறு நாட்டுக்கு இழுக்கு, மூடிவிடுக என்று அடுத்த ஆணை.

மருதாயி தன் கிணற்றை மூடிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்தேன்க்கா."

"யாரு படிச்சா?"



ஊர் காலியான பிறகுதான், பழைய சட்டப்படி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அமைச்சருக்கு நினைவு வந்தது. பந்தல் போட்டார்கள். பாய்கள் வெறுமையாகக் கிடந்தன.

"எதிர்ப்பு ஏதும் இல்லைன்னு எழுதிக்கோ" என்றார் எழுத்தரிடம்.

"எனக்கு இருக்கு" என்று மேடையில் அமைச்சருக்குப் பக்கத்தில் இருந்த செங்கமலம் எழுந்தாள்.

"நீங்க அரசாங்க ஊழியர். பொதுமக்கள்தான் பேசலாம்."

அவள் அரசாங்க முத்திரை மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். இறங்கிப்போய்ப் பாயில் உட்கார்ந்தாள். "இப்ப நான் பொதுமக்கள். தண்ணி போச்சு, சனமும் போச்சு. இதோட நிறுத்துங்க."

எழுத்தர் நேர்மையானவர். 'வந்திருந்த பொதுமக்கள் அனைவரும் எதிர்த்தனர்' என்று எழுதினார்.

அமைச்சர் அதை இருமுறை படித்தார். கோபப்படவில்லை. மறுநாள் நாடெங்கும் முரசறைந்தார்கள்: மக்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சிரமப்படுவதைக் காண மன்னருக்கு மனம் பொறுக்கவில்லை. ஆகவே இனி இந்நாட்டில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடைபெற மாட்டா.