செபஸ்தியார் சாய்ந்த பக்கம்

வடகவுஞ்சி,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த சைமன் சித்தப்பாவுக்கு ஆக்ஸிலியா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் டிரெய்லரும் நலம். ஆயக்குடியில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்த வருஷமும் செபஸ்தியார் பவனி உங்கள் டிரெய்லரில்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்களாம். போனில் பேசினால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் கடிதம்.

கொடியேற்றத்தன்று ஊராரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: "பட்டை ஒடஞ்சிருச்சுங்க." சொரூபத்தை ஏற்றி ஜீப்பில் இழுத்துப் போகும்போது ரேஷன் கடைப் பள்ளத்தில் மடாரென்று ஒரு சத்தம். இடது சக்கரத்துக்கு மேலே வில்போல வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளில் இரண்டு முறிந்து, வண்டி சரிந்து, செபஸ்தியார் கீழத்தெருப் பக்கமாக மெல்லக் குனிந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தெரசம்மாள் அத்தை நடுரோட்டில் முழந்தாளிட்டு, "எங்க தெருவுக்கு ரோடில்ல, தண்ணியில்ல, சாமியாவது திரும்பிப் பாத்துச்சே!" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்படி அழுகிறவரிடம் இரும்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

மறுநாள் மெக்கானிக் மயில்சாமி அண்ணன் அடியில் படுத்துப் பார்த்து, "எடது பக்கம் மட்டும் மாத்துனாப் போதும் பாப்பா. ஒரு கண்ணுல புரை விழுந்தா ரெண்டு கண்ணையுமா அறுப்பாங்க?" என்றார், போனில் நீங்களும் அதையே சொன்னீர்கள், எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. புதுப் பட்டை விறைத்துக்கொண்டு நிற்க, வலப்பக்கத்துக் கிழட்டுப் பட்டை தொய்ந்து கிடக்க, நவநாள் பவனியில் செபஸ்தியார் மேலத்தெருப் பக்கம் சாய்ந்துவிட்டார். மேலத்தெருவில் வெடி போட்டார்கள். அத்தை நேராக மயில்சாமி அண்ணனிடம் போய், "ஏலே, நீ மேலத்தெருக்காரன். சாமிய என்னடா பண்ணுன?" என்றார். "பட்டைதான் போட்டேன் அத்தே, வேற ஒண்ணும் பண்ணல!" அத்தைக்குத் தெரிந்த ஒரே பட்டை சாராயம். "சாமி வண்டியத் தொடுறப்ப பட்டை போட்டேன்னு பெருமையா வேற சொல்றியா?" அண்ணன் வாயை ஊதிக் காட்டிய பிறகுதான் அத்தை அவர் சட்டையை விட்டார்.

கடைசியில் வலப்பக்கமும் புதுப் பட்டை, புது யூ போல்ட், புஷ் எல்லாம் மாற்றி நேற்று ஓட்டிப் பார்த்தோம். செபஸ்தியார் ஆணி அடித்ததுபோல நிமிர்ந்து, எந்தத் தெருவையும் பாராமல், ஜீப் ஓட்டும் என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆகவே கவலையை விடுங்கள். உங்கள் பெருமைக்கு ஒரு குறையும் வராது. சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி வந்துவிடுங்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு என் செபம்.

மகள்,
ஆக்ஸிலியா

பி.கு.: தபாலில் சேர்க்க நாள் தள்ளிப்போய்விட்டது. இரண்டு தெருவும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து பங்குச் சாமியாரிடம் போயின. "யாரையும் பாக்காத வண்டி எதுக்குங்க சாமி?" என்றாராம் அத்தை. சனிக்கிழமை செபஸ்தியாரைத் தோளில் தூக்கிப் போனார்கள். உங்கள் டிரெய்லர் பின்னால் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தது.