நல்ல குதிரை, சீக்குக் குதிரை

"கிருமி என் லாயத்துல இல்ல டாக்டர், உங்க லேப்புலதான் இருக்கு!"

குதிரையேற்றப் பள்ளி நடத்தும் அக்கா போனில் கத்திய கத்தலில், கூரையிலிருந்த புறாக்கள் கூண்டோடு கிளம்பிப் போயின.

பள்ளி என்று பெயர், இருப்பதோ இரண்டே குதிரைகள். செம்பிக்கு முதுகெல்லாம் முடி கொட்டிப் புண்; தினமும் மருந்துக் குளியல். கறுப்பிக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் போனால் கடிப்பாள், அவ்வளவுதான்.

குதிரைத் தோலில் பல வகைக் கிருமிகள் கூட்டுக்குடித்தனம் நடத்துமாம். அதில் ஒன்று மட்டும் பெருகி மற்றவற்றை விரட்டினால் நோயாம். ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல குதிரை, சீக்குக் குதிரை இரண்டின் தோலிலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, அந்தப் பெயரையே ஒட்டி அனுப்பச் சொன்னார் டாக்டர். அக்காவின் கணவன் அனுப்பினான்.

இப்போது முடிவு வந்துவிட்டது. சீக்குக் குதிரை தேறிவிட்டதாம். நல்ல குதிரைக்குத்தான் நோயாம்!

"இனிமேதான் புண்ணு வெளிய தெரியும். கறுப்பிக்கு மருந்துக் குளியல் போடுங்க. செம்பிக்கு நிறுத்திடுங்க. திங்கக்கிழமை வந்து பாப்பேன். சரியாகலேன்னா பள்ளியை மூடணும்" என்றார் டாக்டர்.

மூடினால் அடுப்பு எரியாது. அக்கா கறுவிக்கொண்டே கறுப்பியைக் குளிப்பாட்டினாள். கறுப்பி அவள் தோளைக் கவ்வினாள்.

"ஏங்க! பிடிங்கன்னா பொம்மை மாதிரி நிக்கறீங்க!"

கணவன் பாய்ந்து பிடித்தான். பச்சை மருந்து வாளி அவன் தலையில் கவிழ்ந்தது.

மறுநாள் கோபத்தில் மருந்தை இரண்டு மடங்காகக் கலந்தாள். கறுப்பிக்கும் முடி கொட்ட ஆரம்பித்தது. மருந்து நின்றுபோன செம்பியோ அரிப்புத் தாங்காமல் கம்பத்தில் உரசி உரசிக் கொட்டகையையே சாய்த்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். இரண்டு சொட்டைக் குதிரைகளையும் பச்சைத் தலையோடு நின்ற கணவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க டாக்டரா, இல்ல என் குடியைக் கெடுக்க வந்தவரா?" அக்கா எகிறினாள்.

"கொஞ்சம் இருங்கம்மா. சார், நல்ல குதிரைன்னு எந்தக் குதிரைக்குப் பேர் ஒட்டினீங்க?"

"செம்பிக்குத்தான் டாக்டர். பாவம், அது யாரையும் கடிக்காது." மனைவி பக்கம் திரும்பாமலே கணவன் சொன்னான்: "சும்மா சும்மா வள்ளுன்னு விழறதுக்குத்தானே சீக்கு இருக்கும்?"