காஸ்பர் வாத்தியாரின் நாலாவது அஞ்சலி

"மெஷின் எழுதின மாதிரி இருக்காம், அங்கிள்" என்று டெல்பின் போனில் சொன்னதும் காஸ்பர் வாத்தியாருக்குக் காபி புரையேறியது.

மயிலாப்பூரில் அவர்கள் மாதா கோயில் பங்கில் யார் காலமானாலும், முப்பதாம் நாள் பூசைக்கு அஞ்சலி எழுதுவது அவர்தான். இருபத்தெட்டு வருஷம், முந்நூற்றுப் பதினோரு பேர். ஒரு குடும்பமும் குறை சொன்னதில்லை. இப்போது போயிருப்பது அவருடைய பால்ய சிநேகிதன் ஃபிரெட்ரிக். அவனுக்கு எழுதியதைப் போய், பங்கு இதழைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாளே.

பங்கு ஆபீஸில், எழுதியது மனுஷனா மெஷினா என்று சோதிக்கிற ஏதோ சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

"எந்த இடம்மா மெஷின் மாதிரி இருக்கு?"

"'புன்னகை மாறா முகம், வாரி வழங்கிய கரம்'னு வருதே, அது."

அதை அடித்துவிட்டு, பைபிளின் சங்கீதத்திலிருந்து இரண்டு வசனம் சேர்த்து அனுப்பினார்.

"இது இன்னும் பெரிய மெஷினாம், அங்கிள்."

கண்ணீரைக் கூட்டினார். வானம் அழுதது, மெரினா அலை விம்மியது.

"இது வேற யாரோ செத்ததுக்கு எழுதினதாம். நாளைக்குள்ள சரியா வரலன்னா போட்டோ மட்டும் போதுமாம்."

வெறும் போட்டோவா? ஃபிரெட்ரிக்குக்கா? அதுவும் காஸ்பர் உயிரோடு இருக்கும்போதா? வாத்தியாருக்கு மானமே போன மாதிரி இருந்தது. வந்த கோபத்தில் ஒரே மூச்சாக எழுதித் தள்ளினார்.

'ஃபிரெட்ரிக் சுத்தக் கஞ்சன். எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன என் ஏணி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. தனக்குச் சளி பிடித்தால் கோயிலில் அத்தனை ஃபேனையும் நிறுத்துவான். கேரமில் தோற்றால் பவுடர் சரியில்லை என்பான். எனக்கு பைபாஸ் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான். நான் கண் விழித்ததும், இன்னும் சாகலியாடா என்றான். இனிமேல் என்னை யார் அப்படிக் கேட்பார்கள்?'

அனுப்பிவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் பகீரென்றது. ஃபிரெட்ரிக்கின் மனைவி ஜூலியட் இதைப் படித்தால்? அப்புறம் அவர் கோயில் பக்கமே தலைகாட்ட முடியாது. அவசரமாக போன் போட்டார்.

"அதை நிறுத்தும்மா."

"அச்சுக்குப் போயிடுச்சு, அங்கிள். ஒரு எழுத்துகூட மாத்தல."

அந்தப் பயத்திலும் வாத்தியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா, கடைசில உன் மெஷின் என்னை மனுஷன்னு ஒத்துக்கிச்சு."

"எங்ககிட்ட ஏது அங்கிள் மெஷின்? நாலையும் படிச்சது ஜூலியட் ஆன்ட்டி. 'இவர்தான் எங்க வீட்டுக்காரர்'னு அழுதுட்டு, இப்ப ஏணியோட ஆட்டோ ஏறி உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருக்காங்க."